ஆங்கில வாக்கியத்தை முடிப்பது எப்படி?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தலைவர் அவர்களே! பெரியோர்களே! தாய்மார்களே! சங்கத்து இளைஞர்களே! 

இம்மாதக் கூட்டத்திலே பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டபொழுது, கவிதையைப் பற்றி ஏதேனும் பேசலாம் என்றே எண்ணியிருந்தேன். தலைவர் அவர்கள் அதற்கு இடந்தரவில்லை. "தம்பி, எங்கள் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள், பல்கலைக்கழகத்திலே ஆங்கிலத்திற் படிக்கிறார்கள். ஆனால் ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது, எந்தக் குறியால் முடிப்பது என்று தெரியாமல் எழுதுகிறார்கள். அதைப்பற்றிச் சொல்லும்" என்றார். "நீர் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்தானே" என்று ஒரு சொல்லையும் கூடவே சேர்த்துக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவனுக்கு ஆங்கிலம் பிழையில்லாமல் வரும் என்பது நம் ஊரிலே பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை இப்பேச்சின் நடுவிலே நானே ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

ஆங்கில வாக்கியத்தை முடிக்கும் குறிகள் மூன்றே மூன்று. முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி. "இதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்ததுதானே" என்று முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் நினைக்கக்கூடும். பிள்ளைக்குத் தெரியும். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்குத் தெரிந்திருப்பது தமிழிலே அக்குறிகள் செய்யும் வேலை. ஆங்கிலத்திலே அதே குறிகளுக்கு வேலை அதிகம். நாம் விடும் பிழைகளிற் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவன அல்ல. தமிழ்க் காதோடு ஆங்கிலம் எழுதுவதால் வருவன. இதையே நான் இன்று சொல்ல வந்தேன்.

தமிழ் வாக்கியம் தன் முடிவைத் தானே அறிவித்துவிடும். 'வந்தான்' என்றால் முடிந்தது. 'வந்து' என்றால் இன்னும் இருக்கிறது. 'வந்த' என்றாலும் இன்னும் இருக்கிறது. ஒன்றை வினைமுற்று என்றும் மற்றவற்றை எச்சம் என்றும் நம் இலக்கணகாரர் பெயரிட்டனர். முற்று என்ற அப்பெயரிலேயே முற்றுப்புள்ளி அடங்கிக் கிடக்கிறது. நம் முன்னோர் எழுதிய ஏட்டுச் சுவடிகளிலே இன்று நாம் இடும் நிறுத்தக்குறிகள் இல்லை. மெய்யெழுத்தின் தலைமேல் இடவேண்டிய புள்ளியைக்கூட ஏடெழுதுவோர் பெரும்பாலும் இடாது விட்டனர். அப்படியிருந்தும் கற்றவர்கள் வாக்கியம் முடியும் இடத்தைத் தடுமாறாமற் கண்டுகொண்டனர். உரையாசிரியர்கள் 'என்க' என்றும், 'என்றவாறு' என்றும் ஒரு சொல்லை வைத்தே முடிவைக் காட்டினர். தந்தி வந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியோர்க்கு இது புதுமையாக இராது. ஆங்கிலத் தந்தியிலே புள்ளி தவறிப்போனால் பொருள் கெடும் என்று அஞ்சி, 'ஸ்ரொப்' என்ற சொல்லையே வாக்கிய இறுதியில் இடுவார்கள். நம் உரையாசிரியர்களின் 'என்றவாறு' தந்திக்கு நெடுங்காலம் முற்பட்ட ஸ்ரொப் என்று சொன்னால் பண்டிதர்கள் என்னைக் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மேல்நாட்டாரும் ஆதியிலே குறியில்லாமல் எழுதியவர்களே. கிரேக்கரும் உரோமரும் சொற்களுக்கிடையே வெளிகூட விடாது தொடர்ச்சியாக எழுதிய காலம் உண்டு. எகிப்திலே அலெக்சாந்திரியா நகரத்து நூல்நிலையத்துக்குத் தலைவராயிருந்த அரிஸ்ரோபனிஸ் என்னும் அறிஞர், கி.மு. 200ஆம் ஆண்டளவில், எழுத்தின் அடியிலும் நடுவிலும் உச்சியிலுமாக மூன்று உயரங்களிலே புள்ளி இடும் முறையை வகுத்தார். உச்சியில் இட்ட புள்ளியே கருத்து முற்றியதைக் காட்டியது. காலப்போக்கில் அது அடிக்கு இறங்கிவிட்டது. நம் தமிழ்ப் புள்ளி எழுத்தின் தலையிலே நின்று உயிர் இல்லை என்று சொல்கிறது. அவர்களுடைய புள்ளி காலடியிலே நின்று வாக்கியம் தீர்ந்தது என்று சொல்கிறது.

அப்புள்ளிகள் முதலில் உரக்க வாசிப்போருக்காகவே ஏற்பட்டன. எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதே அவர்களுக்குத் தேவையாயிருந்தது. லின்ட்லி மறே என்பவர் 1795இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்திலே, அரைப்புள்ளி காற்புள்ளியின் இருமடங்கு, முக்காற்புள்ளி அதன் இருமடங்கு, முற்றுப்புள்ளி அதற்கும் இருமடங்கு என்று கணக்கு வகுத்தார். நமக்கும் சிறுவயதிலே காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை என்று சொல்லித்தந்தார்கள். வாசிப்பதற்கு இக்கணக்கு நல்லது. எழுதுவதற்கு இதை நம்பினால் ஆபத்து. மூச்சு முட்டும் இடத்திலே புள்ளி வைப்பவன், மூச்சு நீளமாயிருந்தால் புள்ளி வைக்கவே மாட்டான். ஆங்கிலத்திலே இன்று முற்றுப்புள்ளி மூச்சைப் பார்ப்பதில்லை. எழுவாயும் பயனிலையும் கூடிக் கருத்து முற்றிற்றா என்பதையே பார்க்கிறது.

இக்குறிகள் தமிழுக்கு வந்த வழியிலே நம் ஊர்ப் பெரியார் ஒருவர் நிற்கிறார். நல்லூரிலே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் அவர்கள் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்திலே ஆங்கிலம் கற்றவர். அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே உதவியவர். பின்பு அப்பதவியை விட்டு, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மிஷனை விட்டவர், அங்கே கண்ட குறிகளை விட்டுவிடவில்லை. தாம் எழுதி அச்சிட்ட தமிழ் வசன நூல்களிலே காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் ஒழுங்காகப் பயன்படுத்தினார். ஆனால் அவருடைய வாக்கியத்தைப் பாருங்கள். அது முழுக்க முழுக்கத் தமிழ் வாக்கியம். குறியைக் கடன் வாங்கினார். வாக்கியத்தைக் கடன் வாங்கவில்லை. நாம் ஆங்கிலம் எழுதும்போது செய்வது இதற்கு நேர்மாறானது. தமிழ் வாக்கியத்தை மனத்திலே வைத்துக்கொண்டு, அதன்மேல் ஆங்கிலச் சொல்லையும் குறியையும் தூவுகிறோம்.

உதாரணம் சொல்கிறேன். "காலையில் எழுந்து, கிணற்றடிக்குப் போய், முகங்கழுவி, கோயிலுக்குச் சென்று, கும்பிட்டு, பள்ளிக்கூடம் போனேன்." இதிலே முற்று ஒன்றே, மற்றவை எல்லாம் எச்சம். ஆதலால் எத்தனை காற்புள்ளி இட்டாலும் குற்றமில்லை. இதை நம் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது, எச்சங்கள் அனைத்தும் முற்றாகிவிடுகின்றன: நான் எழுந்தேன், நான் கிணற்றடிக்குப் போனேன், நான் முகங்கழுவினேன் என்று. 'ஐ' என்ற எழுவாயை ஒருமுறை மட்டும் சொல்லி, கடைசி வினைக்கு முன் 'ஆன்ட்' இட்டால் அது ஒரே வாக்கியம், காற்புள்ளிகள் நிற்கலாம். 'ஐ' திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொன்றும் தனி வாக்கியம். காற்புள்ளி அவற்றைத் தாங்காது. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டுவதை ஆங்கில ஆசிரியர்கள் 'கமா ஸ்பிளைஸ்' என்று சொல்லிச் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள். அங்கே முற்றுப்புள்ளி இடலாம். கருத்துகள் நெருங்கியிருந்தால் அரைப்புள்ளி இடலாம். அல்லது இணைப்புச் சொல் ஒன்றைச் சேர்க்கலாம். பெரிய எழுத்தாளர்கள் இரண்டு மூன்று சிறிய வாக்கியங்களைக் காற்புள்ளியாலேயே கோத்துவிடுவது உண்டு. அவர்களுக்குப் பரீட்சகர் இல்லை, நமக்கு உண்டு.

'ஹௌஎவர்', 'தேர்ஃபோர்' என்னும் இரண்டு சொற்களிலும் இதே பொறி இருக்கிறது. தமிழிலே 'ஆனால்', 'ஆகவே' என்பன எவ்வளவு நீண்ட தொடரையும் இணைத்துக்கொண்டு போகும். ஆங்கிலத்திலே இவ்விரண்டு சொற்களுக்கும் வாக்கியங்களை இணைக்கும் வலிமை இல்லை. இரு முழு வாக்கியங்களுக்கு நடுவே இவை வருமிடத்தில், இவற்றுக்கு முன்னே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருடத்திலே எழுதிய முதற் கட்டுரையில் ஒரு பந்தி பதினொரு வரி. அதன் கடைசியிலே மட்டும் ஒரு புள்ளி. விரிவுரையாளர் திட்டவில்லை, பென்சிலால் ஏழு புள்ளிகள் வைத்துத் திருப்பித் தந்தார். அந்த எட்டு வாக்கியங்களையும் தனித்தனியே வாசித்துப் பார்த்தேன். மூன்று வாக்கியங்கள் ஒன்றையே சொல்லின. ஒன்று மற்றொன்றை மறுத்தது. காற்புள்ளிகளின் நிழலிலே அவை இதுவரை ஒளிந்திருந்தன.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. "அவன் வரவில்லை. ஏனென்றால் மழை பெய்தது" என்று தமிழிலே இரண்டாகப் பிரித்து எழுதலாம், எவரும் குறைசொல்லார். அதைப் பார்த்து, 'பிக்கோஸ்' என்று தொடங்கி மழை பெய்தது என்பதோடு புள்ளி வைத்தால், ஆங்கிலத்திலே அது வாக்கியமாகாது, ஒடிந்த கிளை. முன்னுள்ள வாக்கியத்தோடு சேர்த்தே முடிக்கவேண்டும்.

இனி வினாக்குறி. இதிலேதான் நான் மேலே சொன்ன ஒப்புதல் வருகிறது.

எ, யா என்பன சொல்லின் முதலிலும், ஆ, ஓ என்பன ஈற்றிலும், ஏ ஈரிடத்தும் வந்து வினாவைக் காட்டும் என்பது நன்னூல் சொல்லும் விதி. தமிழிலே வினா எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. 'வந்தான்' என்பதோடு ஆகாரம் சேர்ந்தால் 'வந்தானா' ஆகும். அதற்குப் பின் நாம் இடும் வினாக்குறி ஓர் அலங்காரம். இடாவிட்டாலும் கேள்வி கேள்வியே. ஆங்கிலத்திலே 'யூ ஆர் கமிங்' என்பதைப் புள்ளியோடு முடித்தால் 'நீ வருகிறாய்' என்பது பொருள். வினாக்குறியோடு முடித்தால் 'நீ வருகிறாயா' என்பது பொருள். சொல்லிலே எழுத்தளவும் மாற்றமில்லை. நம் ஆகாரமும் ஓகாரமும் செய்யும் வேலை முழுவதையும் அந்தச் சிறு கொக்கி செய்கிறது.

நான் சாதாரண தரத்திலே படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் அயலிலே ஒரு மாமி. அவருடைய கணவர் கொழும்பிலே ஒரு கம்பனியில் வேலைபார்த்து இறந்தவர். அங்கிருந்து மாமிக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் மார்ச் மாதத்தோடு அது நின்றுவிட்டது. "மார்ச் மாசக் காசு அனுப்பியாச்சோ எண்டு கேட்டு எழுது தம்பி" என்றார் மாமி. ஊரிலே மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நான்தானே. பெருமையோடு எழுதினேன். கடிதம் இரண்டே வாக்கியம். முதல் வாக்கியம், இன்னாருக்கு வரும் மாதாந்தப் பணம் பற்றி எழுதுகிறேன் என்பது. இரண்டாவது, 'த மணி ஃபோர் மார்ச் ஹாஸ் பீன் சென்ற்' என்பது. அதன் இறுதியிலே அழகான ஒரு முற்றுப்புள்ளி.

மாமியின் 'அனுப்பியாச்சோ' என்பதிலுள்ள ஓகாரம் என் காதிலே ஒலித்துக்கொண்டிருந்தது. ஆகவே நான் எழுதியதும் கேள்வியாகவே எனக்குத் தோன்றியது. கந்தோரிலிருந்தவருக்கு அந்த ஓகாரம் கேட்குமா? மார்ச் மாதப் பணம் அனுப்பப்பட்டுவிட்டது என்று நாங்கள் அறிவித்ததாகவே அவர் எடுத்துக்கொண்டார். கடிதம் கிடைத்தது, நன்றி, கோவையிலே சேர்த்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. கவனிக்கிறார்கள் என்று எண்ணி நாங்கள் காத்திருந்தோம். மூன்று மாதம் போயிற்று. அதற்குள்ளே மாமி தம் கைக்காப்பு ஒன்றை அடைவு வைத்தார்.

கடிதத்தின் பிரதியை என் ஆங்கில ஆசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டுமுறை வாசித்தார். "நீ எங்கே கேள்வி கேட்டிருக்கிறாய்? நீ அவர்களுக்குச் செய்தியல்லவா சொல்லியிருக்கிறாய்" என்றார். அவரே வேறொரு கடிதம் எழுதித்தந்தார். அதிலே 'ஹாஸ்' என்ற சொல் வாக்கியத்தின் முதலுக்கு வந்திருந்தது. முடிவிலே வினாக்குறி நின்றது. ஒரு மாதத்துக்குள் நிலுவை முழுவதும் வந்துசேர்ந்தது.

வினாக்குறியை மட்டும் நான் இட்டிருந்தாற் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். போதியிருக்கும்; ஆனால் அது பேச்சுநடை, ஆச்சரியத்தோடு கேட்பது போன்றது. முறையான கடிதத்திலே சொல்லின் வரிசையும் மாறவேண்டும், குறியும் வேண்டும். அக்காலத்தில் நான் இரண்டையும் செய்யவில்லை.

இவ்வளவு காலமும் இதை நான் மாமிக்குச் சொல்லவில்லை. கம்பனிக்காரர் தாமதித்தார்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். நானும் அப்படியே எண்ணவிட்டேன். இன்று இங்கே பேசவேண்டும் என்றபடியால், காலையிலே அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் சொன்னேன். சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்ப அந்தக் கிளாக்கர் பாவம் தம்பி. நான் அவரை எவ்வளவு ஏசினனான்" என்றார். இதைச் சபையிலே சொல்ல அனுமதியும் தந்தார். அவர் இப்பொழுது இங்கே அமர்ந்திருக்கிறார்.

வினாக்குறி இடக்கூடாத இடமும் உண்டு. "பணம் வந்ததா என்று மாமி கேட்டார்." இதிலே 'வந்ததா' என்ற வினா உள்ளபடியே நிற்கிறது, 'என்று' அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆகவே நம் பிள்ளைகள் இதை ஆங்கிலமாக்கும்போது கடைசியிலே வினாக்குறி இட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்திலே அவ்வினா உருமாறி, 'இஃப்' அல்லது 'வெதர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. முழுவாக்கியம் ஒரு செய்தி. முடிவிலே முற்றுப்புள்ளியே வரவேண்டும். விண்ணப்பங்களிலே நான் அதிகம் காணும் பிழை இதுதான். எப்பொழுது நேர்முகப் பரீட்சை நடைபெறும் என்பதை அறிய விரும்புகிறேன் என்று எழுதிவிட்டு வினாக்குறி இடுகிறார்கள். அறிய விரும்புவது செய்தி, கேள்வியன்று. மறுபுறம், தயவுசெய்து படிவத்தை அனுப்புவீர்களா என்று ஆங்கிலத்தில் மரியாதைக்காகக் கேள்விபோல எழுதும் வேண்டுகோளை முற்றுப்புள்ளியோடு முடிப்பதையும் ஆங்கிலேயர் ஏற்றுக்கொள்கின்றனர். அங்கே பதிலை எதிர்பார்க்கவில்லை, படிவத்தையே எதிர்பார்க்கிறோம்.

இந்தக் குறியோடு மற்றையோரும் மல்லாடியிருக்கிறார்கள் என்பது நமக்கு ஓர் ஆறுதல். நீண்ட வாக்கியத்திலே முடிவுக்கு வந்தபின்தான் அது வினா என்று தெரிகிறது, வாசிப்பவர் குரலை முன்கூட்டியே மாற்ற முடியவில்லை என்று கண்டு, ஸ்பானிய அறிஞர் கழகம் 1754இல் வினாவின் தொடக்கத்திலும் தலைகீழான ஒரு வினாக்குறியை இடுமாறு விதித்தது. இன்றும் ஸ்பானியர் அவ்வாறே எழுதுகின்றனர். இலண்டனிலே ஹென்றி டென்ஹம் என்னும் அச்சகத்தார் 1580களில், பதிலை வேண்டாத வினாவுக்கென்று இடம்வலம் மாறிய ஒரு குறியை அச்சிட்டுப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. எதிர்க்கேள்வி கேட்பதிலே வல்லவரான நம் ஊரவர்க்கு அது பெரிதும் பயன்பட்டிருக்கும்.

உணர்ச்சிக்குறியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். நான் பேச்சைத் தொடங்கியபோது "தலைவர் அவர்களே! பெரியோர்களே!" என்றேன். என் கையிலுள்ள தாளிலே ஒவ்வொரு விளிக்கும் பக்கத்திலே அக்குறி இருக்கிறது. விளிக்கு அதை இடுவது தமிழ் வழக்கு. அதனாலேயே ஆங்கிலக் கடிதத்திலும் 'டியர் சேர்' என்பதன் பின்னே அதை நிறுத்திவிடுகிறோம். ஜெர்மன் மொழியிலே கடிதத்தை அப்படித் தொடங்கும் வழக்கம் முன்பு இருந்தது. ஆங்கிலத்திலே அங்கே வரவேண்டியது காற்புள்ளி. 'டியர் சேர்' என்று எழுதி உணர்ச்சிக்குறி இட்டால், அந்தத் துரையைக் கண்டு நாம் திடுக்கிட்டது போல இருக்கும்.

பழைய தட்டெழுத்துப் பொறிகள் பலவற்றிலே இக்குறிக்கெனத் தனி விசை இருக்கவில்லை. மேற்கொம்பு ஒன்றை அடித்து, ஓரிடம் பின்னே வந்து, அதன் கீழே புள்ளியை அடிக்கவேண்டும். அவ்வளவு சிரமப்படுவதற்கு முன் மனிதர் ஒருமுறை யோசித்திருப்பார். இன்று கைத்தொலைபேசியிலே விரலை அழுத்திக்கொண்டிருந்தால் பத்துக் குறிகள் விழுகின்றன. விண்ணப்பத்திலும் அலுவற் கடிதத்திலும் இக்குறிக்கு வேலையே இல்லை. கதையிலும் உரையாடலிலும் ஒன்று போதும்.

கைத்தொலைபேசி என்றதும் இன்னொன்று. குறுஞ்செய்தியிலே 'சரி' என்று எழுதிப் புள்ளி வைத்தால் கோபமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இது நம்மவர் கற்பனை மட்டுமன்று. நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹம்ரன் பல்கலைக்கழகத்தார் மாணவர்களிடையே நடத்திய ஆய்வொன்றை 2015இல் வெளியிட்டனர். புள்ளியோடு முடியும் குறுஞ்செய்திப் பதில்கள் மனப்பூர்வமானவை அல்ல என்று வாசித்தோர் கருதினர். அதே பதிலைக் கையெழுத்திலே காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை. ஆகவே நண்பனுக்கு அனுப்பும் செய்தியிலே புள்ளியை விட்டுவிடுங்கள், தடையில்லை. அந்தப் பழக்கம் விடைத்தாளுக்கு வராமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. மிஸ்ரர், டொக்ரர் என்பவற்றின் சுருக்கங்களிலே சொல்லின் கடைசி எழுத்தும் இருப்பதால் பிரித்தானியர் இன்று பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை, அமெரிக்கர் இடுவர். புள்ளியோடு கூடிய சுருக்கம் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அந்த ஒரு புள்ளியே போதும், இரண்டு வேண்டாம். மேற்கோளின் முடிவிலே அமெரிக்கர் புள்ளியை எப்பொழுதும் குறிக்கு உள்ளே வைப்பர். பிரித்தானியர், புள்ளி மேற்கோளுக்கு உரியதாயின் உள்ளேயும், முழுவாக்கியத்துக்கு உரியதாயின் வெளியேயும் வைப்பர். நம் பள்ளிகளிலே பயின்றுவந்தது பிரித்தானிய முறை. எதையும் கொள்ளலாம், ஒரே தாளிலே இரண்டையும் கலக்கக்கூடாது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். பல்கலைக்கழக விடுமுறை முடியும்வரை, வருகிற சனிக்கிழமை தொடக்கம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு நம் சங்க வாசிகசாலையில் இருப்பேன். ஆங்கிலத்திலே விண்ணப்பமோ கடிதமோ எழுதுகிறவர்கள் தபாலிற் போடுமுன் கொண்டுவரலாம். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். என் கடிதங்களையும் கொண்டுவருவேன்; நீங்கள் பிழை பிடிக்கலாம்.